நானோ வெள்ளிக்கு இலைச்சாறு மட்டும்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மூலிகை இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்த கல்லூரி மாணவிகளைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வெள்ளைக் கோட்டு போட்டு ஆய்வகத்தில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டதற்கு முதலில் நன்றி. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் நான். எங்கள் பிள்ளைகளின் வேலை பத்திரிகையில் வந்தால், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. அதனால்தான் அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கட்டுரையின் நடுவில் ஒரு வரி. இதுவரை நானோ துகள்களை நச்சு ரசாயனங்களில்தான் தயாரித்து வந்தார்கள், அந்தப் பழைய முறைகளின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் காலையில் எங்கள் முதுகலை மாணவிகள் இரண்டு பேர் வந்தார்கள். மைக்ரோ எமல்ஷன் முறையில் வெள்ளித் துகள் செய்து பார்ப்பதாகத் திட்டக்கட்டுரைக்குத் தலைப்பு எடுத்திருந்தவர்கள். "மேடம், கெமிக்கல் மெதட் எல்லாம் பாய்சன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. நாங்களும் இலைக்கே மாறிடுறோம்" என்றார்கள். எந்த இலை என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை. ஏதாவது ஒரு இலை.

இலைச்சாறு முறையோடு எனக்குச் சண்டை இல்லை. இலையில் இருக்கும் பாலிஃபீனால், ஃப்ளேவனாய்டு போன்ற பொருள்கள் வெள்ளி அயனியை ஒடுக்கி உலோக வெள்ளியாக மாற்றுகின்றன. அது நிஜமான வேதியியல். ஆனால் மற்ற வழிகள் எல்லாம் விஷம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால், அந்த வழிகளில் கற்றுக்கொள்ள என்ன இருந்தது என்று மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். என் ஆய்வுக் காலம் முழுக்க நான் புழங்கிய முறை மைக்ரோ எமல்ஷன். அதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல அனுமதி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

தண்ணீரில் பினாயிலை ஊற்றினால் பால் மாதிரி வெளுத்துப்போகும், எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். எண்ணெய்த் துளிகள் தண்ணீருக்குள் சிதறி நிற்பதால் வரும் வெண்மை அது. ஒளியைச் சிதறடிக்கிற அளவுக்குத் துளிகள் பெரிதாக இருப்பதால் மறுபக்கம் தெரிவதில்லை. இது சாதாரண எமல்ஷன். நாள்பட வைத்தால் பிரிந்துவிடும். இதே எண்ணெய், தண்ணீர், சோப்பு வகைப் பொருள் மூன்றையும் சரியான விகிதத்தில் சேர்த்தால் வேறொன்று நடக்கிறது. துளிகள் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை சுருங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். துளிகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் கலவை கண்ணாடி போலத் தெளிந்துவிடுகிறது. மிக்ஸி போட்டு அடிக்க வேண்டியதில்லை, லேசாகக் குலுக்கினால் போதும், தானாக உருவாகும். வெப்பநிலையும் விகிதமும் மாறாதவரை பிரிவதும் இல்லை. இதுதான் மைக்ரோ எமல்ஷன்.

இதை முதலில் விவரமாக எழுதியவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோரும் ஷுல்மனும், 1943-இல். பால் போன்ற எமல்ஷனில் ஓர் ஆல்கஹாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சட்டென்று தெளிகிறது என்று காட்டியவர் ஷுல்மன். மைக்ரோ எமல்ஷன் என்ற பெயரை அவரும் கூட்டாளிகளும் வைத்தது 1959-இல்தான். அதற்குள் அவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இரும்போ வெள்ளியோ அப்போது இதில் யார் கவனத்திலும் இல்லை.

உலோகம் வந்தது 1982-இல். சுவீடனில் ஸ்டாக்ஹோமிலும் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்கிலும் இருந்த நான்கு பேர், மகாலி பூத்தோனே, யெர்சி கிஸ்லிங், பெர் ஸ்டெனியஸ், ஜில்பேர் மேர், சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணெய்க்குள் மிதக்கும் தண்ணீர்த் துளிகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்து, ஹைட்ரசீன் அல்லது ஹைட்ரஜன் வாயுவால் ஒடுக்கினார்கள். கிடைத்த துகள்கள் 3 முதல் 5 நானோமீட்டர், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அளவில். அவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல வினையூக்கி.

அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று வகுப்பில் கேட்பார்கள். நான் போட்டுக்காட்டும் கணக்கு இது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள பிளாட்டினக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 21 கிராம் சொச்சம். அதன் மேற்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 5 நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மேற்பரப்பு 1,200 சதுர மீட்டர் ஆகிவிடும். வீட்டு மனைக் கணக்கில் சொன்னால் ஐந்து கிரவுண்டுக்கு மேல். வினையூக்கியில் வேலை நடப்பது மேற்பரப்பில்தான். உள்ளே புதைந்து கிடக்கும் பிளாட்டினம் காசுக்குக் கேடு. துகள் சிறியதாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த அளவுத் துகள் எப்படி வேலை செய்தது என்று ஆராயவே முடியாது.

சரி, ஆய்வகத்தில் இது எப்படி நடக்கிறது? நான் புழங்கியது ஏஓடி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் சோப்பு வகைப் பொருள். வெள்ளை மெழுகுக் கட்டி. ஸ்பேட்டுலாவில் ஒட்டிக்கொண்டு இழுபடும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது என்பதால், உலர்த்தி எடுக்காத ஏஓடி வேலையைக் கெடுத்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும். இதே பொருள் டாக்குசேட் சோடியம் என்ற பெயரில் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கிடைக்கிறது. ரசாயனப் பெயர் நீளமாக இருப்பதாலேயே ஒன்றை விஷம் என்று முடிவுகட்டிவிட முடியாது.

இதை ஐசோ ஆக்டேனில் கரைக்க வேண்டும். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணில் 100 என்று வைத்திருக்கிறார்களே, அந்தத் திரவம்தான். இங்கே எண்ணெய் என்பது இதுதான். லிட்டருக்கு 0.1 மோல் என்ற கணக்கில் 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு நாலரை கிராம் ஏஓடி பிடிக்கும். அதில் சில்வர் நைட்ரேட் கரைந்த தண்ணீரை நுண்பிப்பெட்டால் விட வேண்டும். விட்ட இடத்தில் முதலில் புகைபோல வெண்மை கட்டும். குடுவையைக் குலுக்கக் குலுக்க அந்த வெண்மை கரைந்து, பின்னால் பிடித்த காகிதத்தின் எழுத்தை வாசிக்கிற அளவுக்குத் தெளிந்துவிடும். தண்ணீர் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். ஏஓடி மூலக்கூறுகள் தண்ணீரை விரும்பும் தலையை உள்பக்கமும் எண்ணெயை விரும்பும் வாலை எண்ணெய்ப் பக்கமும் நீட்டி, தண்ணீரைக் குட்டிக் குட்டித் துளிகளாகச் சுற்றிக்கொண்டுவிட்டன. இன்னொரு குடுவையில் இதே போல, சில்வர் நைட்ரேட்டுக்குப் பதில், வெள்ளி அயனியை ஒடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடு கரைந்த தண்ணீர். இரண்டும் நிறமற்றவை. ஒன்றில் மற்றொன்றை ஊற்றிக் கலக்கினால் மஞ்சள் ஏறும். வெளிர் மஞ்சள், அப்புறம் கொஞ்சம் அடர்ந்த மஞ்சள், ஆனால் தெளிவு குறையாது. நானோ அளவு வெள்ளி 400 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. தங்கம் என்றால் 520 வாக்கில் உறிஞ்சும், கரைசல் சிவக்கும். முதன்முதலாக ஒரு மாணவி அந்த மஞ்சளைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் ஐயா. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இன்னும் செய்முறை வகுப்பை யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே பல வகுப்புக் குறிப்புகளில் தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படும் ஒன்றைப் பேசியாக வேண்டும். தண்ணீர்த் துளி ஓர் அச்சு, இட்லித் தட்டின் குழி அளவுக்கு இட்லி வருவதுபோல, துளியின் அளவுக்குத் துகள் வரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கணக்கு போட்டால் நிற்காது. ஓர் ஏஓடி மூலக்கூறுக்குப் பத்து தண்ணீர் மூலக்கூறு என்ற விகிதத்தில் துளியின் தண்ணீர் உள்ளகம் தோராயமாக 3 நானோமீட்டர் விட்டம். அதற்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஐநூறுகூட வராது. இந்தத் துளிகளின் அளவை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கொண்டு கணக்கிட்டு 1984-இல் வெளியிட்டவர் டெல்லி பல்கலைக்கழகத்தில் இருந்த அமர்நாத் மைத்ரா என்பதை மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன். கொல்கத்தா யாதவ்பூரில் எஸ். பி. மௌலிக் நடத்திய ஆய்வுகளும் இந்தத் துறையில் உலகம் அறிந்தவை.

சரி, அந்தத் துளிக்குள் எத்தனை வெள்ளி அயனி இருக்கும்? தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மோல் சில்வர் நைட்ரேட் என்று வைத்தால், சராசரியாகத் துளிக்கு ஒன்றுகூட வராது. 3 நானோமீட்டர் வெள்ளித் துகள் ஒன்றில் எண்ணூறு அணுக்களுக்கு மேல் இருக்கும். ஆக, ஒரே ஒரு துகள் உருவாக ஆயிரம் துளிகளின் வெள்ளி ஓர் இடத்தில் சேர வேண்டும். ஒரு துளி தன் குழியில் தானே ஒரு துகளை வார்த்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எப்படிச் சேர்கிறது என்பதுதான் இந்த முறையின் உயிர். துளிகள் எண்ணெயில் ஓயாமல் அலைந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலான முட்டல்களில் ஒன்றும் நடப்பதில்லை, திரும்பிப் போய்விடும். ஆயிரத்தில் ஒன்றோ, அதைவிடக் குறைவாகவோ, இரண்டு துளிகளின் ஏஓடி உறை ஒரு கணம் திறந்து, உள்ளே இருப்பது கலந்து, மறுபடி இரண்டாகப் பிரிகின்றன. அந்தத் திறப்பில்தான் வெள்ளி அயனி ஒடுக்கியைச் சந்திக்கிறது. அப்படிச் சில அணுக்கள் சேர்ந்து ஒரு கரு உண்டானதும், அடுத்தடுத்த திறப்புகளில் அது வளர்கிறது. ஏஓடி அதன் மேல் படிந்து, இரண்டு துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. உறை இளக்கமாக இருந்தால் பரிமாற்றம் வேகம், விறைப்பாக இருந்தால் மெதுவு. எண்ணெயை மாற்றினாலே இது மாறும். ஐசோ ஆக்டேனுக்குப் பதில் சைக்ளோஹெக்சேன் வைத்தால் அந்த மூலக்கூறுகள் ஏஓடி வால்களுக்கு நடுவே புகுந்து உறையை விறைப்பாக்குகின்றன, பரிமாற்றம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைகிறது. வெள்ளியும் அதே, ஒடுக்கியும் அதே, எண்ணெய் ஒன்றை மாற்றியதற்கே துகள் வளரும் விதம் மாறுகிறது. தண்ணீர் விகிதம், உப்பின் செறிவு, ஒடுக்கியின் அளவு, எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பிப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கும். வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. என் மாணவிகள் அந்தத் தலைப்பை விடக் கூடாது என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றால் இந்த முறைக்கு இன்னும் மதிப்பு கூடும். தங்க உப்பையும் வெள்ளி உப்பையும் ஒரே தண்ணீரில் கரைத்து ஒடுக்கினால் கலப்புலோகத் துகள் கிடைக்கிறது. ஒளியை உறிஞ்சும் முகடு தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என இரண்டாக வராமல், நடுவில் ஒரே முகடாக நிறமாலையில் தெரியும். எரிபொருள் மின்கலங்களுக்கான பிளாட்டினம்–ருத்தேனியம் துகள்களையும் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இனி இதன் குறைகளுக்கு வருகிறேன். விஷம் என்ற ஒரு சொல்லில் அவை அடங்காது, ஆனால் லேசானவையும் இல்லை.

முதல் குறை, கிடைப்பது துளியூண்டு. மேலே சொன்ன அளவில் இரண்டு குடுவை கலந்தால் 200 மில்லிலிட்டர் ஐசோ ஆக்டேன், ஒன்பது கிராம் ஏஓடி செலவு. கையில் வரும் வெள்ளி 19 மில்லிகிராம், அதுவும் ஒன்றுவிடாமல் ஒடுங்கினால். ஒரு பவுன் எடைக்கு, அதாவது 8 கிராம் வெள்ளிக்கு, இப்படிக் கணக்குப் போட்டால் எண்பது லிட்டருக்கு மேல் ஐசோ ஆக்டேனும் மூன்றரை கிலோவுக்கு மேல் ஏஓடியும் வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் எண்பது லிட்டர்! எந்தத் தொழிற்சாலைக்காரர் ஒப்புக்கொள்வார்? விலை உயர்ந்த பிளாட்டினம், பல்லேடியம் வினையூக்கிகளுக்கு இந்த முறை பொருந்துவதும், சாதாரண வெள்ளிப் பூச்சுக்குப் பொருந்தாததும் இந்தக் கணக்கால்தான்.

அடுத்தது கழுவுவது. துகளைப் பிரிக்க அசிட்டோனோ எத்தனாலோ ஊற்றி மைக்ரோ எமல்ஷனை உடைக்க வேண்டும். கலங்கி, பழுப்பாக அடியில் இறங்கும். சுழற்றி எடுத்து, கழுவி, மறுபடி சுழற்றி எடுக்க வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் துகள் மேல் ஏஓடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வினையூக்கிக்கு அது இடைஞ்சல். அளவுக்கு மேல் கழுவினால் காவல் போய்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் என் ஆய்வுக் காலத்தில் பெரும்பகுதி போனது. அப்புறம் ஹைட்ரசீன். அது உண்மையிலேயே நச்சு, புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுவது. இளங்கலை மாணவர் கையில் அதைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

இந்தக் குறைகளைப் பார்த்துத் துறைக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஐசோ ஆக்டேன் 99 டிகிரியில் கொதிப்பதால் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். 1999-இல் அமெரிக்காவில் ஒரு குழு, எண்ணெய்க்குப் பதில் மீமாறுநிலையில், அதாவது அதிக அழுத்தத்தில் வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையில், இருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குள் தண்ணீர்த் துளிகளை நிறுத்தி வெள்ளித் துகள் செய்தது. அழுத்தத்தைத் திறந்துவிட்டால் கரைப்பான் வாயுவாகப் போய்விடும். 2009-இல் மார்கரிட்டா சான்செஸ்-டொமிங்கெஸ், கொன்சித்தா சொலான்ஸ் ஆகியோருடன், 1982-இல் தொடங்கிவைத்த அதே பூத்தோனேயும் சேர்ந்து, முறையையே தலைகீழாகத் திருப்பினார்கள். தண்ணீர் பெரும்பங்கு, அதில் எண்ணெய்த் துளிகள், அந்தத் துளிகளுக்குள் எண்ணெயில் கரையக்கூடிய உலோகச் சேர்மம். எண்ணெய்ச் செலவு வெகுவாகக் குறைகிறது. உங்கள் கட்டுரை காலம் முடிந்தது என்று சொன்ன முறை இது.

இப்போது இலைச்சாற்றுக்கு வருகிறேன். அதிலும் போடுவது அதே சில்வர் நைட்ரேட்தான். கட்டுரையில் அது சொல்லப்படவே இல்லை. வெள்ளி அயனி மீனுக்கும் தண்ணீரில் வாழும் நுண்ணுயிருக்கும் நஞ்சு. இலை சேர்த்ததால் அது மாறிவிடாது. வினை முடிந்து மிஞ்சிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால், எந்த முறையாக இருந்தாலும் அது சாக்கடைக்குத்தான் போகிறது. இன்னொன்று, இலையில் என்ன இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம், செடிக்குச் செடி, தளிருக்கும் முற்றிய இலைக்கும் மாறும். ஆடியில் பறித்ததும் மார்கழியில் பறித்ததும் ஒன்றல்ல. அதனால் ஒரு கல்லூரியில் வந்த துகள் இன்னொரு கல்லூரியில் வருவதில்லை. பெரும்பாலும் அளவு சிதறித்தான் கிடைக்கிறது. இதைக் கட்டுப்படுத்திக் காட்டுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் திட்டக்கட்டுரைகளில் நான் பார்ப்பது, இலையின் பெயரை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைப்பது.

வெளித் தேர்வராகப் போகிற இடங்களில் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளையே உங்கள் செய்தியாளர்களும் கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். துகளின் அளவு எவ்வளவு என்று கேட்டால் எக்ஸ்ரே விளிம்பு விளைவில் (எக்ஸ்ஆர்டி) ஷெரர் சூத்திரம் போட்டு ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருந்தால் எத்தனை துகள்களை அளந்தீர்கள் என்று கேளுங்கள். அழகாக வந்த ஒரு மூலையை மட்டும் காட்டுவது போதாது, சில நூறு துகள்களையாவது அளந்து பெரியது சிறியது எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேறு கருவி இல்லாத கல்லூரியிலும் புறஊதா நிறமாலைமானி பெரும்பாலும் இருக்கும். முகடு குறுகலா அகலமா, 500 நானோமீட்டருக்கு மேல் இன்னொரு மேடு தெரிகிறதா என்று பார்த்தாலே துகள்கள் ஒட்டிக் கட்டியாகியிருக்கின்றனவா என்று ஓரளவு புரிந்துவிடும்.

கிருமியைக் கொல்கிறது என்று தட்டில் கிருமி வளராத வட்டம் காட்டுவார்களே, அதில்தான் பெரிய ஓட்டை. பக்கத்தில் வெறும் சில்வர் நைட்ரேட் கரைசல் வைத்த வட்டம் எங்கே, வெறும் இலைச்சாறு வைத்த வட்டம் எங்கே என்று கேட்க வேண்டும். ஒடுங்காமல் மிஞ்சிய வெள்ளி அயனியே கிருமியைக் கொன்றிருக்கலாம், அப்புறம் நானோவுக்கு அதில் என்ன பெருமை? எல்லாவற்றுக்கும் கடைசியாக, மறுபடி செய்தால் இதே வருமா என்ற கேள்வி. இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற மாணவியின் படத்தை, அவள் எந்த முறையில் செய்திருந்தாலும், இன்னும் பெரிதாகப் போடுங்கள்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானோ துகளுக்குப் போகும் முன்பு மைக்ரோ எமல்ஷனையே ஒரு செய்முறையாக வைக்கலாம். பழைய ஆய்வுகளில் இருந்த பென்சீன் இப்போது வேண்டாம். எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருள், தண்ணீர், எண்ணெயாக சைக்ளோஹெக்சேன் சேர்த்துக் குலுக்கினால் வெள்ளையாக நிற்கும். அதில் பியூரெட்டிலிருந்து பென்டனால் என்ற ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், விகிதம் சரியாக அமையும்போது கலவை தெளியும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியாமல் பார்த்துக்கொண்டால் சாதாரண ஆய்வகத்திலேயே செய்யலாம். விகிதங்களை மாற்றி மாற்றிச் செய்து முக்கோண வரைபடத்தில் புள்ளி வைத்தால் கட்ட விதிப் பாடமும் அதில் வந்துவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பார்ப்பதற்குக் கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

என் மாணவிகள் இருவரிடமும் பேசினேன். ஒருத்தி இலைக்குப் போகிறாள். அவள் விருப்பம், நல்லபடியாகச் செய்ய உதவுவேன், வெறும் சில்வர் நைட்ரேட் வட்டத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொருத்தி மைக்ரோ எமல்ஷனிலேயே இருக்கிறாள். தண்ணீர் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் அந்த மஞ்சளின் முகடு எங்கே நகர்கிறது என்று பார்க்கப் போகிறாள். பயன்படுத்திய ஐசோ ஆக்டேனை வடித்து எடுத்து, எவ்வளவு மீட்க முடிந்தது என்பதையும் எழுத வேண்டும் என்று அவளாகவே சொன்னாள்.

கடைசியாக ஒரு திருத்தம். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கட்டுரையின் பெட்டிச் செய்தியில் அச்சாகியிருந்தது. அது மைக்ரோமீட்டர். நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெட்டியை வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள், அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்